மைக் டெஸ்டிங்கில் ஒரு சோகப் பாட்டு

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கல்லூரிப் பேருந்து ஓட்டுநர் ஏழுமலையின் மகளுக்கு இன்று வரவேற்பு. பத்திரிகையில் போட்டிருந்த நேரத்துக்கே போய்விட்டேன். மண்டபத்தில் நானும் ஆர்கெஸ்ட்ராவும்தான்.

ஏழுமலை என்னை முதல் வரிசையில், ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்காரவைத்தார். மணமக்கள் மேடைக்கு வரும்வரை எழுந்து போக முடியாது.

மைக் சரிபார்க்க, பாடகி பழைய பாட்டு ஒன்றை எடுத்தார். காதலன் கைவிட்ட பெண் பாடுவது. வயலின்களும் சேர்ந்துகொண்டன. இதற்கெல்லாம் உருகுகிறவள் இல்லை நான். ஆனாலும் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

ஏழுமலை ஓடி வந்தார்.

"இன்னாம்மா இது, கல்யாண ஊட்ல அழுதுகினு? குத்துப்பாட்டு பாடு."

"ஜனம் வந்துட்டா அதத்தானண்ணா பாடப் போறேன். இதெல்லாம் மைக் டெஸ்டிங்லதான் பாட முடியும். ஒரு சரணம்தான் பாக்கி."

அவர் என்னிடம் திரும்பினார். "மேடம், உங்களுக்கு நல்லா கேக்குதா?"

என் நாற்காலியே அதிர்ந்துகொண்டிருந்தது.

"சரியா கேக்கலைங்க. அந்தச் சரணத்தையும் பாடிப் பாக்கச் சொல்லுங்க."

பாடகி கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் பாடி முடித்தார்.

இப்போது குத்துப்பாட்டு. எனக்குக் கேட்கவில்லை என்று ஏழுமலை சத்தத்தைக் கூட்டச் சொல்லிவிட்டார். மணமக்களுக்கு அலங்காரம் இன்னும் முடியவில்லை.

முதல் வரிசையிலிருந்து மரியாதையாகத் தப்பித்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து வழி சொல்லுங்கள்.