கரிப்புகையைப் பற்றி மட்டும் சொன்னேன்

பினாங்கில் என் அக்காவின் கணவர் டோபிக் கடை வைத்திருந்தார். துரைமார்களின் கம்பளிக் கோட்டில் படிந்த எண்ணெய்க் கறையைத் தண்ணீர் படாமல் எடுக்கப் பென்சீன் கேட்டார். நான் அப்போது ஒரு பள்ளிக்கூடத்து இரசாயன அறையில் உதவியாளன். மருந்துக் கடையில் ஒரு டின் வாங்கிக் கொடுத்தேன்.

"இது தீப்பிடிக்குமா, மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

எனக்குப் படிப்பைக் காட்ட ஆசை. ஒரு மூடியில் நாலு சொட்டு விட்டுக் கொளுத்தினேன். மஞ்சள் சுவாலையிலிருந்து கறுப்பு நூல் நூலாகப் பறந்து மேசையில் விழுந்தது.

"இதுல கரிப்பங்கு ஜாஸ்தி, மச்சான். அவ்வளவும் எரியக் காத்து பத்தாது. எரியாத கரிதான் பறக்குது."

அக்கா வெள்ளைச் சட்டைகளை அவசரமாக அள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"நெருப்புக்குக் கிட்ட வைக்காம இருந்தா போதும்லா?" என்று மச்சான் கேட்டார்.

"போதும்," என்றேன்.

போதாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த மாதம்தான் பள்ளியில் வாத்தியார், சரிவாக வைத்த தகரத்தின் மேல்முனையில் பென்சீன் நனைத்த பஞ்சையும் கீழ்முனையில் எரியும் மெழுகுவத்தியையும் வைத்துக் காட்டியிருந்தார். பென்சீன் ஆவி காற்றைவிடக் கனம். கண்ணுக்குத் தெரியாமல் தகரத்தோடு வழிந்து மெழுகுவத்தியைத் தொட்டதும், நெருப்பு பஞ்சை நோக்கி ஓடியது. அந்தத் தகரத்தைக் கழுவி வைத்தவன் நான். வித்தை பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மறந்துபோனேன்.

ஒரு மத்தியானம் நல்ல மழை. கடைக்கு முன்னால் கூரைபோட்ட காக்கிலிமா நடைபாதையில் சாரல் அடித்ததால், இஸ்திரிக்குக் கரி மூட்டும் அடுப்பை மச்சான் கடைக்குள் கொண்டுவந்து, கதவுகளையும் சாத்தியிருந்தார். அடுப்பிலிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்து கோட்டைப் பென்சீனில் நனைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். நெருப்பு தரையோடு ஓடிவந்தது என்று அக்கா சொன்னார். ஈரப் போர்வையை அவர்மேல் போட்டு அணைத்ததும் அக்காதான். உயிர் தப்பியது. இரண்டு கைகளிலும் விரல்கள் ஒட்டிக்கொண்டன.

ஆஸ்பத்திரியில் அவரிடம் சொன்னேன். "அது தரையோட போகும்னு பார்த்திருக்கேன், மச்சான். உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

"சொல்லியிருந்தா அன்னிக்குக் கோட்டைத் தொட்டிருக்க மாட்டேன்லா," என்றார். குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன்பின் அக்கா இஸ்திரி போட்டார். மச்சான் பக்கத்தில் நின்று மடிப்பு எங்கே விழவேண்டும் என்று சொல்வார். நான் போனால் தேநீர் வரும். கோப்பையை அக்கா அவர் வாயருகே பிடிப்பதைப் பார்க்க முடியாமல், வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுவேன். என்னோடு பேச அவருக்கு ஆசை இருந்தது என்று அக்கா பிற்பாடு சொன்னார். நான் இன்னும் கொஞ்சநேரம் உட்கார்ந்திருக்கலாம்.