பூட்டுப் போட்ட சாப்பாட்டுக் கரியர்

போன கிழமை பட்டினத்துப் பாத்திரக் கடையொன்றில் அரை மணி நேரம் நின்று, அங்கிருந்த சாப்பாட்டுக் கரியர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் எவர்சில்வர். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னய்யா தேடுறீங்க?" என்றார். "பூட்டுப் போடுற ஓட்டை" என்றேன். "சோத்துக்கு ஆரய்யா பூட்டுப் போடுற?" என்று சிரித்தார். நான் போட்டிருக்கிறேன் ஐயா, இரண்டு வருடம் போட்டிருக்கிறேன். இந்த வயதில் அந்த ஓட்டையைத் தேடி ஏன் அலைகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பிறவிச் சந்தேகக்காரன். பால் வாங்கினால் விரலை விட்டுப் பார்ப்பேன். கடிதம் ஒட்டினால் இரண்டு தரம் வெளிச்சத்தில் பிடிப்பேன். யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்புக் கந்தோர் ஒன்றுக்கு லிகிதராக மாற்றம் வந்தபோது, அம்மா எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தாள். "மோனை, அங்கை ஒருத்தற்றை வீட்டிலையும் கை நனைச்சுப் போடாதை. பாயோடை ஒட்ட வைச்சுப் போடுவினம்." மட்டக்களப்பில் சோற்றில் மருந்து வைப்பார்கள், தின்ற ஆண்பிள்ளை பாயோடு ஒட்டிவிடுவான், பிறகு ஊர் திரும்பமாட்டான் என்பது அந்நாளில் எங்கள் பக்கத்துப் பேச்சு. அதற்குக் காப்பாக அம்மா தந்துவிட்டதுதான் என் முதல் கரியர்.

அது பித்தளை. மூன்று அடுக்கு, உள்ளே ஈயப்பூச்சு, வெறுமையாகத் தூக்கினாலே தோள் நோகும். இரண்டு பக்கக் காதுகளுக்குள்ளும் நீளக் கம்பியைச் செருகினால் அடுக்குகள் அசையாமல் நிற்கும். நல்ல யோசனைதான். ஆனால் கம்பியை யாரும் உருவலாமே. ஒருநாள் கம்பி கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சோறு முழுவதையும் நாய்க்கு வைத்தேன். நாய் தின்றுவிட்டு ஓடிப்போயிற்று. மருந்து நாய்க்கு வேலை செய்யாதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் சீமையிலிருந்து எனாமல் கரியர் வந்தது. வெள்ளை உடம்பு, நீல விளிம்பு, விழுந்தாலும் நெளியாது, மூலையில் கொஞ்சம் உரிந்து கறுக்கும், அவ்வளவுதான். மூடியைத் திருப்பினால் தட்டு. எல்லாவற்றிலும் மேலாக, கைப்பிடியை இறுக்கும் கொழுக்கியில் ஒரு ஓட்டை, அதற்கென்றே ஒரு குட்டிப் பூட்டு, அதைத் திறக்க இரண்டு திறப்பு. கம்பி வைத்தவன் குழம்பு சிந்துமென்று பயந்தவன். ஓட்டை வைத்தவன் மனிதரைப் பார்த்துப் பயந்தவன், என் இனம். பார்த்த உடனே வாங்கினேன்.

எனக்குச் சமைத்தவர் சின்னையா அண்ணை. எங்கள் ஊரவர், புளியந்தீவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். ஒரு திறப்பு அவரிடம், மற்றது என் அரைஞாணில். மத்தியானம் கரியரைப் பூட்டிச் சைக்கிளில் கொண்டுவந்து தருவார். பக்கத்து மேசைத் தம்பிராசா உள்ளூர்க்காரன், எனக்கிருந்த ஒரே கூட்டாளி. "ஒருநாளைக்கு எங்கட வீட்ட வாங்களன் மச்சான்" என்று கேட்டுக் கேட்டு அலுத்தான். அந்த நேரம் பார்த்து எனக்கு எப்போதும் வயிற்றுக்குத்து வந்துவிடும். பூட்டைக் காட்டி, "எங்களுக்குத்தானே இது?" என்று ஒருநாள் கேட்டான். நான் எலிக்கு என்றேன். எலிக்கு யாரும் பூட்டுப் போடமாட்டார்கள் என்பது அவனுக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசுவது குறைந்தது, எனக்கு அது வலித்தது.

மாரி முடிந்த ஒருநாள் பூட்டுத் திறக்கவில்லை, போட்ட திறப்பும் உள்ளே இறுகிவிட்டது. வாவிக் காற்றின் உப்பு உள்ளே பிடித்துவிட்டது. கந்தோர் முழுவதும் கூடிவிட்டது. கடைசியில் தம்பிராசா கோடு போடும் இரும்பு அடிமட்டத்தால் ஒரே போடு போட்டுப் பூட்டை உடைத்து, யன்னலால் வாவிக்குள் வீசினான். மேல் அடுக்கைத் திறந்தான். மாங்காய் போட்ட இறால் கறி. அதற்குள்ளிருந்து, வாசத்துக்குப் போடும் ரம்பை இலை ஒன்றை விரலால் தூக்கினான். இலையில் இரட்டை முடிச்சுப் போட்டிருந்தது.

"இது எங்கட பூரணம் போடுற முடிச்சு" என்றான். பூரணம் அவன் தங்கச்சி.

நேரே சின்னையா அண்ணையிடம் போனோம். மனிதர் தலையைச் சொறிந்தார். "எனக்குத் தம்பி, சோறும் பருப்பும்தான் சரியா வரும். கறி பின் வளவிலை இருந்து எடுக்கிறனான். நீர் ஒருநாளும் கேக்கேல்லையே." பின் வளவு தம்பிராசாவின் வீடு. தாயும் தங்கையும் அவனுக்குத் தெரியாமல் கடைக்குக் கறி ஆக்கிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வருடம் மட்டக்களப்புக் கறியைத்தான் நான் பூட்டுப் போட்டுத் தின்றிருக்கிறேன்.

தம்பிராசா வீட்டாரோடு கோபித்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்றாம் நாள் கேட்காமலே அவன் வீட்டுக்குப் போய், "சோறு போடுங்கோ" என்றேன். பாய் விரித்தார்கள். தின்று எழும்பும்போது, பாயும் சேர்ந்து வருகிறதா என்று திரும்பிப் பார்த்தேன். அதைப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் பூரணம் சிரித்தாள். மறு ஆவணியில் எங்களுக்குக் கலியாணம். அங்கே வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் பெட்டியோடு போய்க் குடியிருக்க வேண்டும். அம்மா ஊரில் தலையில் அடித்துக்கொண்டாள், தான் சொன்னது பலித்துவிட்டதென்று.

ஆனால் சந்தேகம் விடுமா? அந்தக் கறியை ஆருக்கு என்று தெரிந்துதான் பூரணம் ஆக்கினாளா? கலியாணம் முடித்த காலம் முழுவதும் கேட்டேன். "தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? திண்டீங்கதானே" என்பாள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து அலுமினியக் கரியர் வந்தது. அதில் ஓட்டை இல்லை, நானும் தேடவில்லை. எனாமல் கரியர் அடி ஓட்டையாகிக் கோழிக்குத் தவிடு வைக்கப் போனது.

பூரணம் போய் எட்டு மாதம். போன மாதம் அவளுடைய ஊசிப் பெட்டிக்குள் ஒரு குட்டிப் பித்தளைத் திறப்புக் கிடந்தது. என்னுடையது பூட்டோடு வாவிக்குள் போய்விட்டது. அப்படியானால் இது சின்னையா அண்ணையிடம் இருந்ததா? பூட்டியவள் அவளேதானா? அந்தப் பூட்டுகள் எல்லாம் ஒரே அச்சு, ஒன்றின் திறப்பு மற்றதைத் திறக்கும் என்று பிறகு அறிந்திருந்தேன். ஓட்டை வைத்த பழைய கரியர் ஒன்று பூட்டோடு கிடைத்தால் இந்தத் திறப்பைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்றுதான் கடை கடையாக ஏறுகிறேன்.

சின்னையா அண்ணையும் இல்லை, தம்பிராசாவும் இல்லை. மத்தியானத்தில் மருமகள் கறி வைக்கிறாள், நல்ல பிள்ளை, நல்ல கறி. நான் கரண்டியால் கிளறி இலையைத் தேடுகிறேன். இலை இருக்கிறது, முடிச்சு இல்லை.