பெங்காலி பேப்பரும் கயிற்றுப் பையும்

“ஜூன் 1, ஞாயிறு. பெஹாலா. அக்கா வீட்டில் நிறுத்தியவை: பார்க்காத சேனல்கள், ஓடாத வாட்டர் ஃபில்டரின் ஆண்டு சர்வீஸ், பெங்காலி பேப்பர்.”

என் டைரியில் என் கையெழுத்தில் உள்ள குறிப்பு இது. நான் ஊரின் மறுகோடியில், நியூ டவுனில் இருக்கிறேன். அத்திம்பேர் போன பிறகு அக்கா பெஹாலாவில் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தாள். குடும்ப பென்ஷன் மருந்துக்கே பற்றவில்லை. மாதாமாதம் எது வீணாகப் போகிறது என்று பார்க்க, அன்று பழைய ரசீதுகளோடு உட்கார்ந்தேன்.

பேப்பர் அத்திம்பேருக்காக வந்தது. அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அக்காவுக்கு பெங்காலி பேச வரும், எழுத்து தெரியாது.

“இதை வெச்சுண்டு என்னக்கா பண்றே?”

“படம் பாக்கறேன்.”

“மடிப்பே பிரியலையே, எந்தப் படத்தைப் பாத்தே?”

சிரித்துவிட்டாள். பிறகு, “அது மட்டும் இருந்துட்டுப் போகட்டும்டா. காலம்பற பேப்பர்க்காரன் வந்து ஒரு குரல் குடுப்பான்” என்றாள்.

நான் காதில் வாங்கவில்லை. அப்போதே பேப்பர்க்காரருக்கு போன் செய்து நிறுத்திவிட்டேன்.

தினமும் அவர் கீழே சைக்கிளை நிறுத்தி “மாஷிமா!” என்று பெரியம்மா முறை வைத்துக் கூப்பிடுவாராம். அக்கா பால்கனியிலிருந்து கயிற்றில் பையை இறக்குவாள். பேப்பர் மேலே போகும். பை இறங்காத நாளில் அவர் மாடியேறிக் கதவைத் தட்டிவிட்டுத்தான் போவார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை அக்கா போன் எடுக்கவில்லை. சார்ஜ் போட மறப்பது அவள் வழக்கம் என்பதால் விட்டுவிட்டேன். புதனும் அப்படியே. வியாழன் மதியம் போய், பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து கதவை உடைத்தேன். பால்கனி வாசலில் கிடந்தாள். பக்கவாதம். உயிர் தங்கியது, பேச்சு திரும்பவில்லை. “கொஞ்சம் முன்னாடியே...” என்று ஆரம்பித்த டாக்டர் முடிக்காமல் விட்டார்.

பேப்பர்க்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். “காகொஜ் கேனோ பந்தோ கொர்லேன், தாதா?” பேப்பரை ஏன் நிறுத்தினீர்கள் என்றுதான் கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை. செவ்வாய் காலை அந்த வழியாகப் போனபோது பை கீழே தொங்கியதாம். காய்கறிக்காரனுக்காக இருக்கும் என்று நினைத்துப் போய்விட்டாராம்.

வியாழனன்று நானும் மழையில் ஊறிய அந்தப் பையைத் தாண்டித்தான் மாடியேறியிருக்க வேண்டும். தேதி தவறாமல் எழுதும் என் டைரியில் அது இல்லை.

விழுந்த பிறகு யாரையாவது கூப்பிடத்தான் அக்கா பையை இறக்கினாளா, முந்தின நாளிலிருந்தே அது தொங்கியதா என்று கேட்டால், கண்ணை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்புகிறாள். அது பதில்தானா, தெரியவில்லை. நிறுத்தியவை என்ற அந்த வரியை நான் அடிக்கவில்லை. அவளுக்குத் துணையாக இருந்த ஒரே குரலை வீண் செலவு என்று எழுதிய கை என்னுடையதுதான். பக்கத்தில் “பை: உறுதியாகவில்லை” என்று மட்டும் சேர்த்து வைத்திருக்கிறேன்.