தீட்டக் கொடுத்த சறுக்குச் சப்பாத்து

போன கிழமை மகளின் வீட்டுச் சாவிக்கு இன்னொன்று வெட்டுவிக்க, பலெர்மோவில் சீசா என்ற பகுதியில் இருக்கும் சாவிக்கடைக்குப் போனேன். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து சோறு தீத்துவது இப்போது என் உத்தியோகம். அதற்குச் சாவி வேண்டும். கடைக்காரர் மெஷினை முடுக்கினார். சின்னச் சின்னப் பொறி பறந்தது. சூடேறிய இரும்பின் மணம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், அப்படியே களைத்துப்போய் அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இரும்பு மணத்துக்கு ஒரு மனிதன் களைத்துப்போவானா என்று கேட்பீர்கள். நான் களைத்துப்போவேன். அந்த மணத்துக்குள் நிக் அண்ணை இருக்கிறார்.

நிக் அண்ணை ஐஸ் ஹொக்கி விளையாட்டுக்காரர். பலெர்மோவில் ஐஸ் ஹொக்கியா என்று நீங்கள் சிரிக்க முதல் சொல்லிவிடுகிறேன்: தொண்ணூறுகளில் இந்த நகரத்தில் நான் கண்ட பனிக்கட்டி எல்லாம் மீன்கடைகளில், வாள்மீனுக்குக் கீழேதான் கிடந்தது. அவர் விளையாடியதெல்லாம் வேறு குளிரூர்களில். கனடாவில் பிறந்தவர். அவருடைய அப்பப்பா சிசிலியிலிருந்து கப்பலேறிப் போனவராம். அந்த உரிமையில் இத்தாலியன் பாஸ்போர்ட் எடுத்து, வடக்கே ஒரு மலையூரில் விளையாடிக்கொண்டிருந்தபோது அங்கே உயிரியல் படிப்பித்த பலெர்மோக்காரியைக் கலியாணம் செய்துகொண்டார். அந்த ரீச்சர்தான் என் சிஞ்ஞோரா, நான் வேலை செய்த வீட்டு அம்மா. சிஞ்ஞோராவின் தகப்பன் வருத்தம் வந்து படுக்கையில் விழுந்ததும் இருவரும் தெற்கே வந்து சீசாவில் நாலாம் மாடியில் குடியேறினார்கள். திங்கள், புதன், வெள்ளி அந்த வீட்டைக் கூட்டித் துடைக்க நான் போவேன். மற்ற நாட்களில் வேறு வீடுகளைத் துடைப்பேன்.

முதல் நாளே பல்கனியில் ஒரு பெரிய பையைக் கண்டேன். கண்டேன் என்பதைவிட மணந்தேன் என்பதுதான் உண்மை. ஆண்டுக்கணக்கான வேர்வை ஊறி, காயாமலே மூடிக் கட்டின மணம். நான் அதைத் தோய்க்கப் போனபோது சிஞ்ஞோரா கையெடுத்துக் கும்பிடாத குறையாகத் தடுத்தார். சறுக்குச் சப்பாத்தும் ஹொக்கிக் கவசங்களும் அடைத்த அந்தப் பைதான் நிக் அண்ணையின் பதினைந்து வருடம்.

பதினைந்து வருடத்தில் பதினொரு குழு. எல்லாம் சின்ன ஊர்களின் சின்னக் குழுக்கள். ஒருமுறை பெரிய லீக்கிலிருந்து கூப்பிட்டு மூன்று நாள் விளையாட விடாமல் ஓரத்து வாங்கில் இருத்தி வைத்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்களாம். ஒவ்வொரு குழுவிலும் சட்டை முதுகில் பெயர் பொறித்த துணிப்பட்டி ஒன்று தைப்பார்கள். போகச் சொன்னால் அதைப் பிரித்துக் கையில் கொடுப்பார்கள். பதினொரு பட்டியையும் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்திருந்தார், நூல் தொங்கத் தொங்க.

"எப்பிடிப் போகச் சொல்லுவினம், அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன். எங்கள் இருவருக்கும் இத்தாலியன் அரைகுறை. அதற்குள் என் பள்ளிக்கூட ஆங்கிலத்தையும் கலந்துதான் கதைப்போம். ஆனால் அவர் சொன்னதெல்லாம் எனக்கு எங்கள் தமிழிலேயே ஞாபகம் இருக்கிறது.

"பின்னால வந்து தோளில கை வைப்பான். 'ஒரு நிமிசம் வாறியோ?' எண்டு கேப்பான். அவ்வளவுதான். பையைக் கட்ட வேண்டியதுதான்."

சொல்லும்போது சிரித்தார். முன்பல் இரண்டு கட்டுப்பல் என்பதால் அவர் சிரிப்பு எப்போதும் கொஞ்சம் அளவாகத்தான் வரும்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணம் இருந்தது. இந்த நாட்டில் இருக்கத் தரும் அனுமதியான என் பெர்மெஸ்ஸோ முடிந்து புதுப்பிக்க வேண்டிய முறை, குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோர் வாசலில் விடியற்காலையிலிருந்து என்னோடு வரிசையில் நின்றார். வேலை தரும் வீட்டுக்காரர் ஒருவர் கூட வந்தால் ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர்களின் முகம் கொஞ்சம் இளகும் என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் எந்த வீட்டுக்காரர் வருவார்? இவர் வந்தார். விளையாட்டில் அடிபட்டுப் பழுதான முழங்காலோடு ஐந்து மணித்தியாலம் நின்றார். "எனக்கு உந்த வரிசை பழக்கம். போன போன நாடெல்லாம் நிண்டிருக்கிறன்" என்றார்.

இரண்டு வருடமாக அவருக்குக் குழு இல்லை. முப்பத்தாறு வயது. அப்படி இருக்கும்போதுதான் ஓர் ஆகஸ்ட் மாதம் வடக்கிலிருந்து ஒரு போன் வந்தது. ஒரு விளையாட்டுக்காரனுக்குக் கால் முறிந்துவிட்டதாம். ஐந்து நாள் வந்து பயிற்சியில் நில், பார்த்துவிட்டு ஒரு சீசனுக்கு எடுக்கிறோம் என்றார்களாம். சிஞ்ஞோராவுக்கு அரை மனசு. "இதுதான் கடைசி. இதுவும் சரிவராட்டி இனி ஐஸ் எண்ட கதையே இந்த வீட்டில வேண்டாம்" என்றார்.

அதன்பிறகு மனிதன் தினமும் மொண்டெல்லோவுக்குப் போய் மணலில் ஓடினார். ஊரே குடையை விரித்துப் படுத்துக்கிடக்கும் கடற்கரையில், முழங்காலில் பட்டி சுற்றிக்கொண்டு ஒருவர் வேர்த்து விறுவிறுக்க ஓடுவதைச் சனம் தர்ப்பூசணி தின்றுகொண்டு பார்த்தது. வேலை இல்லாத காலைகளில் நான் துவாயோடு போய் நிற்பேன். திரும்பி வரும் பஸ்ஸில் இருவருமே நித்திரையாகிவிடுவோம். இத்தனைக்கும் ஓடியது அவர் மட்டும்தான்.

வியாழன் ரயில். அதற்கு முதல் திங்கட்கிழமை அவர் சறுக்குச் சப்பாத்தை மடியில் வைத்து, அடியிலுள்ள தகட்டில் நகத்தை ஓட்டிப் பார்த்து, "மழுங்கிப்போச்சு" என்று முணுமுணுத்ததை நான் கேட்டிருந்தேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

புதன்கிழமை காலை கத்தி தீட்டுகிறவனின் வான் வண்டி தெருவுக்குள் வந்தது. வானின் கூரையில் ஒலிபெருக்கி. பெண்களே, தீட்டுகிறவர் வந்திருக்கிறார் என்று பதிவுசெய்த குரல் ஒன்று ஓயாமல் கத்தும். வெளியே போய்க்கொண்டிருந்த சிஞ்ஞோரா, "கத்தி, கத்தரிக்கோல் எல்லாத்தையும் குடுத்துத் தீட்டுவி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நிக் அண்ணை மொண்டெல்லோவில். நான் கத்திகளைப் பேப்பரில் சுற்றினேன். பிறகு பல்கனியில் கிடந்த பையைப் பார்த்தேன். மூளை வேலை செய்தது. என் மூளை வேலை செய்தால் யாருக்காவது நட்டம் வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தீட்டுகிறவன் சறுக்குச் சப்பாத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். வாழ்நாளில் கண்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் பலெர்மோக்காரன் 'தெரியாது' என்று சொல்வானா? கல்லில் பிடித்து இருபக்கமும் சரிவாக வழித்தான். பொறி பறந்தது, இரும்பு மணந்தது. கொண்டுவந்து அந்தச் சப்பாத்துத் தகட்டாலேயே ஒரு தக்காளியை வெட்டிப் பார்த்தேன். காற்றுப்போல இறங்கியது.

நிக் அண்ணை வந்ததும் பெருமையாக நீட்டினேன். அவர் தகட்டில் நகத்தை வைத்தார். பிறகு கதிரையில் மெல்ல இருந்தார்.

"இது கத்தி இல்லையடாப்பா" என்றார். கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தகட்டின் நடுவில் நீளத்துக்கு ஒரு பள்ளம் இருக்கவேண்டுமாம். பள்ளத்தின் இரு கரையும்தான் கூர். அந்த இரண்டு கரையில்தான் ஆள் நிற்பது. கத்தி மாதிரி ஒற்றைக் கூரில் ஒருவராலும் நிற்க முடியாது. "அங்கை மெஷின் இருக்கும். சரிப்படுத்தலாம்" என்று என் முதுகில் தட்டினார்.

அன்று கால்சாப் பகுதியில் இருந்த எங்கள் அறைக்குப் போய், கூட இருந்த சீலன் அண்ணரிடம் சொன்னேன். அவர் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். "சப்பாத்துக்குக் கூர் வைச்ச முதல் தமிழன் நீதானடா விசரா!" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்தாளுக்கு எடுபட்டால் சரி. கர்த்தரை வேண்டிக்கொள்" என்றார். வேண்டினேன்.

ஐந்து நாள் தங்கப் போனவர் ஞாயிறே திரும்பிவிட்டார். திங்கள் காலை நான் கதவைத் திறக்க முதல் சிஞ்ஞோரா திறந்தார். "நீ என்ன செய்து வைச்சிருக்கிறாய் தெரியுமோ? அந்த மனுசன்ரை கடைசிச் சந்தர்ப்பம் அது! சப்பாத்து பழுதெண்டு நிக்கவே ஏலாமல் திரும்பி வந்திருக்கிறார்!" கத்தியவர் கடைசியில் அழுதுவிட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். செத்துப்போகலாம் போல இருந்தது.

சிஞ்ஞோரா பள்ளிக்கூடக் கூட்டம் ஒன்றுக்குப் போனபின் நிக் அண்ணை என்னைப் பல்கனிக்குக் கூப்பிட்டார்.

"சப்பாத்தை அங்கை அரை மணித்தியாலத்தில சரியாக்கித் தந்திட்டாங்கள்" என்றார். "கட்டிக்கொண்டு ஐஸ் வாசல் மட்டும் போனன். உள்ளுக்கை இருவது வயதுப் பெடியள் பறக்கிறாங்கள். பின்னால ஒருத்தன் வந்து தோளில கை வைச்சான்."

"போகச் சொன்னவனோ?"

"இல்லை. 'வந்தது நல்லது' எண்டுதான் சொன்னவன். ஆனா கை பட்டதும் என்ரை கால் தானாத் திரும்பிட்டுது. பையைக் கட்டிட்டன். பன்ரெண்டாம் தரமும் அதைக் கேக்க என்னால ஏலாது."

பல்கனியில் கிடந்த பையின் வாரை இறுக்கிக் கட்டினார். "அவள் போனில ஏனெண்டு கேட்டாள். வாயில உன்ரை பிழைதான் வந்துது. நான் சொல்லி மாத்தட்டோ?"

அவர் முகத்தைப் பார்த்தேன். ஐந்து மணித்தியாலம் வரிசையில் நின்றபோதும் அந்த முகம் அவ்வளவு களைத்திருக்கவில்லை.

"வேண்டாம் அண்ணை," என்றேன். "என்ரை பிழையாவே இருக்கட்டும்."

சிஞ்ஞோரா என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு கத்தரிக்கோலைக்கூட என் கையில் தரவில்லை. வெங்காயம்கூட அவர்தான் வெட்டுவார். விருந்தாட்கள் வந்தால், "இவர்தான் என் கணவரின் கடைசி சீசனை முடித்துவைத்தவர்" என்று என்னை அறிமுகப்படுத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள். நிக் அண்ணை எழுந்து குசினிக்குள் போய்விடுவார். பிறகு அவர் மொண்டெல்லோவில் கோடைக்குக் கதிரை குடை வாடகைக்கு விடும் இடத்தில் வேலை செய்தார், கனகாலம்.

அவர் போய் ஆறு வருடம். அடக்கத்தன்று கோயில் வாசலில் சிஞ்ஞோரா என் கையைப் பிடித்து, "உன்னை நான் எப்பவோ மன்னிச்சிட்டன்" என்றார். சொல்லிவிடலாமோ என்று ஒரு கணம் நினைத்தேன். "கிராட்சியே, சிஞ்ஞோரா" என்று நன்றி மட்டும் சொன்னேன்.

தீட்டுகிறவனின் வான் இப்போது அந்தத் தெருவுக்கு வருவதில்லை. கத்தி மழுங்கினால் சனம் புதிதாக வாங்குகிறது. சீலன் அண்ணர் லண்டன் போய்விட்டார். அந்த நாலாம் மாடிப் பல்கனியை யாரோ கண்ணாடி போட்டு அடைத்துவிட்டார்கள். பையும் பெயர்ப்பட்டிகளும் எங்கே போயின என்று தெரியாது. இந்த வசந்தத்தில் சிஞ்ஞோராவும் கண்ணை மூடிவிட்டார். சப்பாத்தைப் பழுதாக்கினாய் என்று என்னைத் திட்ட இனி இந்த ஊரில் ஒருவரும் இல்லை.