கடைக்காரர் விற்காத விளக்கு

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, வியாபாரம் செய்யவே தெரியாத ஒரு மனிதரைச் செந்தூலில் பார்த்தேன். அலங்கார மீன் கடை வைத்திருந்தார். ஒரு விளக்கு வாங்குவதற்காக என் சித்தி அவரிடம் ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் போனாள். ஏழு தடவையும் அவர் விற்கவில்லை.

சித்தி அம்மாவின் தங்கை. முப்பத்திரண்டு வயது. கிள்ளானில் எங்களோடுதான் இருந்தாள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. மூன்று நான்கு பேர் பெண் பார்க்க வந்து போன பிறகு, இனி யாரையும் வீட்டுக்குக் கூட்டி வரக்கூடாது என்று அம்மாவிடம் கறாராகச் சொல்லியிருந்தாள். அம்மாவும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அந்த வருடம் கிளினிக்கைப் புதுப்பித்தபோது, காத்திருப்பு அறையில் இருந்த இரண்டடி மீன்தொட்டி யாருக்காவது வேண்டுமா என்று டாக்டர் கேட்க, சித்தி கையைத் தூக்கிவிட்டாள். அப்பா தன் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வீட்டில் இடம் ஏது? மாடிப்படிக்குக் கீழே, பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டால்தான் செருப்பு தெரியும் என்கிற மூலையில் வைத்தோம். தொட்டியோடு வந்த விளக்கு இரண்டே நாளில் உயிரை விட்டது.

கிளினிக்கில் யாரோ சொன்னார்கள் என்று செந்தூல் கடைக்கு என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாள். கொமியூட்டர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைக்காரர் ஒல்லியாக, சத்தம் போடாமல் பேசுகிறவராக இருந்தார். தொட்டி எவ்வளவு ஆழம், வெயில் வருமா, என்ன மீன் என்று டாக்டர் மாதிரி விசாரித்தார். பிறகு, "இருட்டான எடத்துக்குன்னே செடி இருக்கு அக்கா" என்று அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் சின்னச் சின்னக் கற்களில் நூலால் கட்டிக் கொடுத்தார். மண்ணே தேவையில்லையாம். ஆறு நியான் மீன்களும் கொடுத்தார். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

விளக்கில்தான் வம்பு. ரிமோட் அமுக்கினால் சூரியன் உதிக்கும், மின்னல் அடிக்கும் விளக்கு ஒன்று இருந்தது. எனக்கு அதுதான் வேண்டும். சித்தி அதை எடுத்த வேகத்தில் அவர் திரும்ப வாங்கி வைத்துவிட்டார். "வேணாம் அக்கா. இந்தச் செடிக்கு இவ்ளோ வெளிச்சம் போட்டா பாசிதான் பிடிக்கும். காசும் தண்டம்." மலிவாக ஊதா வெளிச்சம் தருகிற ஒன்றை எடுத்தாள். "இதுல பாத்தா மீன் எல்லாம் ஜுரம் வந்த மாதிரி இருக்கும்லா." இன்னொன்று நீளம் அதிகம். அடுத்த வாரம் புது சரக்கு வரும், அதுவரை மாடிப்படி பல்பே போதும், செடி சாகாது என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் வந்த சரக்கிலும் அவர் குறைதான் கண்டுபிடித்தார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. டப்பாவில் ஆறாயிரத்து ஐநூறு கே என்று போட்டிருந்தால் அது பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளை, அதுதான் செடிக்கு நல்லது, ஒரு நாளைக்கு ஆறு ஏழு மணி நேரம் எரிந்தால் போதும் என்று இரண்டாவது வாரமே விளக்கமாகச் சொல்லிவிட்டார். சித்தி ஐந்தாவது வாரம் அதையே புதிதாகக் கேட்பது போலக் கேட்டாள். அவரும் முதல் தடவை சொல்வது போலச் சொன்னார். கிளினிக்கில் எந்த நோயாளிக்கு எந்தப் பல் சொத்தை என்று தாளைப் பார்க்காமல் சொல்கிறவளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குக் கவலையாக இருந்தது.

அதைவிட, மூன்றாவது வாரத்திலிருந்து அவர் சித்தியை 'அக்கா' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். சித்தியும் 'அண்ணே' சொல்வதில்லை. மரியாதை குறைந்துவிட்டதே என்று எனக்குக் கோபம். பக்கத்துக் கடையிலிருந்து எனக்கு மட்டும் ஐஸ் போட்ட மைலோ வரவழைத்துத் தருவார் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

"கிள்ளான்ல மீன் கடையே இல்லையா?" என்று அப்பா ஒருநாள் கேட்டார்.

"இருக்கு அத்தான். ஆனா இவரு மாதிரி யாரும் எக்ஸ்பிளேன் பண்ண மாட்டாங்க" என்றாள் சித்தி.

ஏழாவது ஞாயிறும் வெறுங்கையோடு திரும்பியபோது என் பொறுமை போய்விட்டது. மீன் இருக்கிறது, செடி இருக்கிறது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சித்திக்கு வாங்கத் தெரியவில்லை, அந்தக் கடைக்காரருக்கு விற்கத் தெரியவில்லை என்று அப்பாவிடம் புகார் செய்தேன். அப்பா எந்தப் பிரச்சினையையும் ஆறப்போடுகிறவர் அல்லர். மறுநாளே கார் போர்ச்சில் மாட்டும் ஸ்பாட்லைட் ஒன்றை வாங்கி வந்து, படிக்கட்டில் துளை போட்டு, தொட்டிக்கு நேர் மேலே முடுக்கிவிட்டார். வீடே பூப்பந்து மைதானம் மாதிரி ஆகிவிட்டது. நியான் மீன்கள் ஆறும் கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

வேலை முடிந்து வந்த சித்தி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எப்படி?" என்று அப்பா பெருமையாகக் கேட்டார்.

"தேங்க்ஸ் அத்தான்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். அந்த ஞாயிறு செந்தூல் போகவில்லை. விளக்குத்தான் வந்துவிட்டதே, என்ன காரணம் சொல்லிப் போவாள்? அடுத்த ஞாயிறும் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். இவ்வளவு வெளிச்சம் வந்தும் இவள் ஏன் இருண்டு போனாள் என்று எனக்கு விளங்கவில்லை.

அதற்குள் தொட்டி கெட்டுப்போனது. காலையில் எழுந்தது முதல் படுக்கப் போகும் வரை நான் அந்த விளக்கை எரியவிட்டதில், கண்ணாடியெல்லாம் பச்சை பூசிக்கொண்டது. இலைகளில் தாடி முளைத்தது. பயந்துபோய், மீன் வாங்கிய பையில் அச்சடித்திருந்த எண்ணைப் பார்த்து அம்மாவின் போனில் கடைக்காரரை அழைத்தேன்.

நான் யாரென்று சொன்னதும் அவர், "சித்தி நல்லா இருக்காங்களா?" என்றார்.

"சித்தி ஓக்கே அங்கிள். செடிதான் ஓக்கே இல்ல."

"ரெண்டு வாரமா வரலையே?"

"அப்பா லைட் வாங்கிட்டாரு. கார் போர்ச்சுக்குப் போடுவாங்களே, அது."

"மொதல்ல அத ஆஃப் பண்ணு. நாலு நாளைக்குப் போடாத" என்றார். வீட்டு முகவரி கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் இருப்பார்களா என்று கேட்டார். "அப்பாவும் இருப்பாரா?" என்று தனியாக வேறு கேட்டார். அப்பா நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று முடிவு செய்துகொண்டேன்.

சித்தியிடம் சொன்னபோது, மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டாள்.

"வீட்டுக்கா? அவரே சொன்னாரா?" மூன்று தடவை கேட்டாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். சமையலறைக்குப் போய் அம்மாவிடம் ஏதோ சொன்னாள். அம்மா முதலில் "அடிப்பாவி!" என்று கத்தினாள். அப்புறம் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்கள். சனிக்கிழமை முழுக்க வீடு கழுவினோம். அப்பா முடி வெட்டிக்கொண்டு வந்தார். திட்டு வாங்குவதற்கு யாராவது முடி வெட்டிக்கொள்வார்களா?

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு கார் வந்து நின்றது. கடைக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில், வேறு ஆள் மாதிரி இறங்கினார். கையில் சின்னதாக ஒரு கிளிப் விளக்கு. அவருக்குப் பின்னால் அவருடைய அம்மா பட்டுப்புடவையில். அவருக்கும் பின்னால் அவருடைய அக்கா, கையில் ஒரு தட்டு. ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை, மல்லிகைச் சரம். ஒரு விளக்கை மாட்ட மூன்று பேர் எதற்கு?

அப்பாவை அவர் திட்டவில்லை. ஸ்பாட்லைட்டைப் பார்த்து, "நல்ல பிராண்டு சார்" என்று மட்டும் சொன்னார். கண்ணாடியைத் துடைத்து, பாசி பிடித்த இலைகளை நறுக்கி, தொட்டி விளிம்பில் விளக்கைக் கவ்வவிட்டார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மெத்தென்ற வெள்ளை வெளிச்சத்தில் ஜாவா ஃபெர்ன் அசைந்தது. மீன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மலிவான விளக்குத்தான், ஏழு வாரமும் அந்தக் கடையில் முன் வரிசையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

வேலை முடிந்துவிட்டது. ஆனால் யாரும் கிளம்பவில்லை. அவருடைய அம்மா சித்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, கிளினிக் எத்தனை மணிக்கு முடியும், சமையலில் என்ன பிடிக்கும் என்றெல்லாம் கேட்டார். மீனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா இரண்டாவது தடவை தேநீர் கொண்டுவந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அங்கிள், லைட்டுதான் மாட்டியாச்சே. இன்னும் ஏன் உக்காந்திருக்கீங்க?"

வீடு அதிரச் சிரித்தார்கள். அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. கடைக்காரர் தரையைப் பார்த்துச் சிரித்தார். சித்தி முகத்தைத் தொட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். விளக்கு நன்றாக அமைந்துவிட்ட சந்தோஷம் என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன்.