பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்

ஊரில் போர் முடிந்த வருடத்து இலையுதிர்காலம். புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில், ஒரு பல்பொருள் அங்காடியில் இறைச்சி வெட்டும் பகுதியில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். தாங்ஸ்கிவிங் பண்டிகை நெருங்கினால் எங்களுக்கு மூச்சுவிட நேரமிராது. பதப்படுத்திய இறைச்சி, சீஸ், பழம், பிஸ்கற் எல்லாவற்றையும் ஒரே மரப்பலகையில் அழகாக அடுக்கிக் கொடுக்க வேண்டும். வெள்ளைக்காரர் அதை ஷார்குட்டரி போர்ட் என்பார்கள். நான் இறைச்சிப் பலகை என்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பலகை வைக்க முடிவெடுத்தேன். என் கணவரோடு ஊரில் படித்தவர் ஒருவர் மனைவியோடு வருவதாக இருந்தது. மனைவி மூன்று வருடமாக இதே நகரத்தில், சென் ஜேம்ஸ் ரவுணில் இருக்கிறார். நண்பரோ வன்னியில் அகப்பட்டு, முகாமில் கிடந்து, மனைவியின் ஸ்பொன்சர் விசாவில் இப்போதுதான் வந்திருந்தார்.

"எல்லாச் சனமும் முள்ளுக்கம்பிக்குள்ள கிடக்கேக்க இவர் மட்டும் என்னண்டு வெளியால வந்தவர்?" என்று கணவரிடம் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? நீர் சும்மா எல்லாத்தையும் சந்தேகப்படாதையும்."

சந்தேகப்பட எனக்குக் காரணம் இருந்தது. என் தம்பி அதே மாதிரியான ஒரு முகாமில் வேறு பெயரில் இருந்தான். இயக்கத்தின் வாகனங்களைத் திருத்திக் கொடுத்தவன். ஜூலையில் யாரோ ஒருவரின் ஃபோனில் இரண்டு நிமிடம் கதைத்து, "அக்கா, நான் இருக்கிறன். ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றான். செப்டெம்பரில் இருந்து அதே நம்பரில் வேறு ஒருவர் எடுத்தார். தம்பிக்குத் தொண்டை கட்டிப் போச்சு, தான் பக்கத்தில் இருப்பதாகச் சொன்னார். நலம் விசாரித்தார். ஊரில் எங்களுக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். கணவரின் சித்தப்பாவின் பெயரையும், வவுனியாவில் அவர் வீடு இருக்கும் ஒழுங்கையையும் சொன்னேன். அந்தக் குரலை நான் ஒருநாளும் சந்தேகிக்கவில்லை. தம்பியின் செய்தியோடு வந்த குரல் அல்லவா?

விருந்தாளிகளுக்குச் சோறு கறி சமைத்தால் நான் அடுப்படியில் நிற்க வேண்டும். பலகை வைத்தால் எதிரே உட்கார்ந்து அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். உண்மையான காரணம் அதுதான்.

மாடு சாப்பிடமாட்டார்களோ என்று வான்கோழியும் கோழியும் பலகையில் வைத்தேன். பன்றி இறைச்சியை மெல்லிதாகச் சீவித் தனித் தட்டில் சுருட்டி வைத்தேன். பெயார்ஸ் பழத் துண்டுகள் கறுக்காமல் இருக்கத் தேசிப்புளி தடவினேன். கறுத்த முந்திரிகைப்பழக் குலை, வால்நட், அத்திப்பழ ஜாம், மூன்று விதச் சீஸ். நடுவில் ஒரு கிண்ணம் மாங்காய்ச் சட்னி. வாசலில் விழுந்து கிடந்த மேப்பிள் இலைகளில் சிவப்பாய் நாலைந்தைப் பொறுக்கி, கழுவித் துடைத்து ஓரத்தில் பரப்பினேன். பிறகு வரவேற்பறைச் சுவரில் இருந்த தம்பியின் படத்தைக் கழற்றி உடுப்பு அலுமாரிக்குள் வைத்துவிட்டு, ஆணியில் கலண்டரைக் கொழுவினேன்.

கணவரின் நண்பர் மெலிந்து, கழுத்துப் பெரிதான சேட்டோடு வந்தார். உட்கார்ந்ததும் பலகையை நெடுநேரம் பார்த்தார்.

"உது என்ன தங்கச்சி, பூஞ்சணம் பிடிச்சிருக்கு?"

"அது அப்பிடித்தான் அண்ணை. நீலச் சீஸ்."

"உந்த இலையையும் சாப்பிடுறதோ?"

அவர் மனைவி சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றையும் மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தார். ஒரு பிஸ்கற்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, சுவரில் உள்ள படங்களை ஒன்றொன்றாகப் பார்க்கத் தொடங்கினார். நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். கலண்டர் அருகே அது நின்றது போல இருந்தது.

"உங்களுக்கு ஒரு தம்பி இருக்கிறாரெல்லோ? வாகன வேலை தெரிஞ்சவர்."

என் கணவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"இல்லை அண்ணை. எனக்குச் சகோதரம் ஒருத்தரும் இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். "சரி. அப்ப நான் வேற ஆரையோ நினைச்சிட்டன்" என்றார்.

அந்த நேரம் பார்த்து என் ஃபோன் அடித்தது. முகாம் நம்பர். அறைக்குள் ஓடிப்போய், "ஆக்கள் வந்திருக்கினம், நாளைக்கு எடுங்கோ" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

"ஊரிலயிருந்தோ?" என்று அவர் கேட்டார்.

"இல்லை. வேலையிடத்தில இருந்து."

அதன் பிறகு குளிரைப் பற்றிக் கதைத்தோம். பலகையில் பாதி அப்படியே கிடந்தது. போகும்போது சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "தங்கச்சி, ஃபோன் வந்தா கவனமாக் கதையுங்கோ."

அதை ஒரு வெருட்டாகத்தான் எடுத்தேன். ஆரோ அனுப்பித்தான் வந்திருக்கிறார், தம்பி இருப்பது இவருக்குத் தெரிந்துவிட்டது, ஃபோனோடு ஓடி நானே காட்டிக்கொடுத்துவிட்டேன் என்றெல்லாம் ஓடியது.

மறுநாள் திங்கள், தாங்ஸ்கிவிங் விடுமுறை. மிஞ்சிய சீஸையும் இறைச்சியையும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு காலையிலேயே பஸ் எடுத்து, சப்வே மாறி, சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் போனேன். முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்ற எண்ணம்.

கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் திறந்தார். விடுமுறையிலும் மனைவி வேலைக்குப் போயிருந்தார்.

"ஆர் அனுப்பினது உங்களை?" என்று என்னிடம் கேட்டார்.

நான் கேட்க வந்த கேள்வி அது. "ஒருத்தரும் அனுப்பேல்லை. நேற்று ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"நேற்றுத் தம்பியே இல்லை எண்டனீங்கள்."

"பயத்தில சொன்னன் அண்ணை."

அவர் கதவைப் பிடித்தபடியே கேட்டார். "உண்மையெண்டால் சொல்லுங்கோ. உங்கட தம்பின்ர இடது கையில இருக்கிற தழும்பு என்னத்தால வந்தது?"

சின்ன வயதில் நான் கொதிகஞ்சிப் பானையை அவன்மேல் தட்டிவிட்டேன். அம்மாவிடம் பூனை தட்டியது என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து சொன்னோம். அது எங்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும்.

"கஞ்சி. நான்தான் தட்டினது."

சங்கிலியைக் கழற்றினார்.

அவரும் தம்பியும் முகாமில் ஒரே கூடாரத்தில் இருந்திருக்கிறார்கள். தண்ணீர் வரிசையில் மாறி மாறி நின்றிருக்கிறார்கள். மனைவி அனுப்பிய காசைக் கட்டி அவர் வெளியே வரும் முன்தினம் தம்பி சொன்னதை அப்படியே சொன்னார்: "அக்காட்டைச் சொல்லுங்கோ, அந்த ஃபோன் பிடிபட்டுப் போச்சு. வைச்சிருந்த பெடியனைப் பிடிச்சுக் கொண்டுபோட்டாங்கள். அந்த நம்பரில என்ர பேரைச் சொல்லிக் கதைக்கிறது என்ர ஆள் இல்லை."

"நேற்றே ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் உவன்ர அக்காதானோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? வீட்டில படமும் இல்லை. தம்பியும் இல்லை எண்டியள். அறைக்குள்ள போய் ஆரோடயோ குசுகுசுத்தியள். நானும் ஆக்களை நம்பித்தான் கெட்டனான்."

டப்பாவை மேசையில் வைத்துவிட்டு அழுதேன். அவர் தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

அன்றே ஃபோன் நம்பரை மாற்றினேன். ஆனால் சொன்ன பெயரைத் திரும்ப எடுக்க முடியவில்லை. வவுனியாவில் சித்தப்பா வீட்டுக்குச் சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். மறுவாரம் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு நாள் வைத்திருந்த பிறகே விட்டார்கள். அவர்களுக்கு எப்படித் தன் ஒழுங்கை தெரிந்தது என்று சித்தப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். என் கணவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தம்பி அடுத்த வருடம் வெளியே வந்தான். இன்று அவன் இருக்கும் நாட்டை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.