சீதனமாகப் போன பார்

களியக்காவிளையில் பேருந்துக்காக நின்றபோது ததேயுஸ் அண்ணனின் மகள் அழைத்தாள். "டீச்சர், அப்பா போயிட்டாவ. நெஞ்சு வலின்னாவ, ஆஸ்பத்திரிக்குப் போய் எத்தல்ல." எனக்கு அழுகை வரவில்லை. இரண்டு ஆண்டுகளாக அவரோடு பேசாதிருந்த கோபம்தான் வந்தது. இனி அதை யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவது?

இனயம் கடற்கரை ஊர்க்காரரான அவர் வளைகுடாவில் எண்ணெய்க் குழாய்களுக்காகக் கடலில் முங்கியவர். திரும்பி வந்து, இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்கு ஸ்கூபா பழக்கினார். கல்லூரியில் கடல் உயிரியல் நடத்தும் நான் சுறாக்களை ஆராயக் கிளம்பியபோது, தம் வள்ளத்தில் ஓரிடத்துக்குக் கூட்டிப்போனார். தெளிந்த காலையில் மட்டும் மலைமுகடு தெரியும் தொலைவு. அடியிலிருந்து கோபுரம்போல் எழுந்து நிற்கும் பாறை. கடற்கரையில் அதைப் பார் என்பார்கள். சுற்றிச் சுற்றிச் சுறாக்கள். ஒன்று என் முழங்கால்வரை வந்து திரும்பியது. நான் அவர் கையை நகம் பதியப் பிடித்திருந்தேன்.

மேலே வந்ததும் சிரித்தார். "வாத்திச்சி ருசிப்படாதுன்னு மோந்து பாத்ததும் தெரிஞ்சிட்டு மக்கா."

"உங்களையும்தானே மோந்துச்சு?"

"எனக்க மேல டீசல் நாத்தம்லா."

சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: "இந்தப் பாரு நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். கரையில வாய் தொறந்தா தூண்டிக்காரன் ஒண்ண மிச்சம் வைக்கமாட்டான்." சம்மதித்தேன். ஆய்வேட்டில் இடத்தைக் குறிக்கவில்லை. இடமில்லாமல் என்ன ஆய்வு என்று தேர்வாளர்கள் எல்லோர் முன்னும் கேட்டார்கள். தலைகுனிந்து நின்றேனே தவிர, சொல்லவில்லை.

அவர் மகள் கல்யாணம் முடிந்து, மழைக்காலமும் கழிந்தபின் மறுபடி போனோம். நான் இறங்கினேன். பாறையைச் சுற்றி அறுந்த கயிறும் தூண்டில் முள்ளும். ஒரு சுறாகூட இல்லை. ஏறி வந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"மருமவனுக்குச் சொல்லிக் குடுத்தேன். தூண்டி வள்ளம் வச்சிருக்கான். சீதனம்னு குடுக்க வேற என்ன இருக்கு எனக்க கையில?"

பார் கிடக்கும் இடத்தைக் கடலோடிகள் பிறத்தியாருக்குச் சொல்லமாட்டார்கள். மகளைக் கட்டியவன் பிறத்தியான் இல்லை. அது எனக்கும் தெரியும்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா அண்ணா?"

"கேட்டா நீ வேண்டாம்ப. அதான் கேக்கல."

அந்த முட்களைவிட இந்தப் பதில்தான் தைத்தது. என் பதிலை அவ்வளவு நிச்சயமாக அறிந்தவர், அதனாலேயே என்னை விலக்கினார். வாயால் சொல்லத் துணியாமல், என்னையே இறங்கிப் பார்க்கவும் விட்டார்.

அடக்கம் முடிந்ததும் உங்களில் சிலர் கேட்டீர்கள்: இடம் சொல்லாமலே அவர் அடிக்கடி பேசிய அந்தப் பாரில் மலர்வளையம் வைக்க வேண்டும், இடத்தைச் சொல்லுங்கள் என்று. மருமகனிடம் கேட்டால் சொல்லக்கூடும். நான் சொல்லமாட்டேன். ஒன்றிரண்டு சுறாக்கள் திரும்பி வந்திருக்கலாம். எனக்குத் தெரியாது.

சுறாவின் முன் பதறாமல் மூச்சுவிட அவர்தான் பழக்கினார். அந்த நன்றி உண்டு. ஆனால் அவருடையதாக என்னிடம் தங்கியிருப்பது நாங்கள் இருவரும் சேர்ந்து கொடுத்த வாக்கு. அவர் தம் பங்கை மருமகனுக்குக் கொடுத்துவிட்டார். என் பங்கு என்னிடமே இருக்கிறது.